பின்னல் போட்ட பாசி

"உன்கிட்ட ஒண்ணு கேப்பேன். இப்ப இல்ல, நேரம் வரும்போது. என்னன்னு கேக்காம இப்பவே சரின்னு சொல்லணும்."

"என்னது, கிட்னியா?"

"அது எங்கிட்டயே ரெண்டு கீது."

"அப்ப சரி."

"மூணு வாட்டி சொல்லு."

"சரி, சரி, சரி. போதுமாங்க?"

நிச்சயம் முடிந்த மறுவாரம், அண்ணனூர் ஸ்டேஷன் பெஞ்சில் அருளும் எழிலரசியும் பேசிக்கொண்டது அது. கரூரிலிருந்து வேலைக்கு வந்து ஹாஸ்டல் சாப்பாட்டில் அலுத்துப்போயிருந்த அவளுக்கு, அந்த மூன்று சரியும் மூன்று முடிச்சு மாதிரி இனித்தது. கல்யாணமாகி இரண்டு வருடங்களாகியும் அவன் எதையும் கேட்கவில்லை. ஒரு குழந்தை வேண்டும் என்பானோ, சொந்த வீடு என்பானோ என்று அவளாகவே நினைத்துக்கொண்டு, கேட்கமாட்டானா என்று ஏங்கியும் இருக்கிறாள்.

இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது நினைவுக்கு வந்தபோது மட்டும் ஏனோ இனிக்கவில்லை. அவள் ஹாலில் மீன் தொட்டியின் முன்னால் நின்றிருந்தாள். உள்ளே இருந்த பாசியை யாரோ ஜடை போலப் பின்னிவிட்டிருந்தார்கள்.

அது மூன்றடித் தொட்டி. ஆவணியில் அருள் வாங்கி வந்தான். மீன் அப்புறம், முதலில் அலங்காரம் என்றான். ஞாயிறுதோறும் பருத்திப்பட்டு ஏரிக்குப் போய் மணல், தட்டைக் கற்கள், நாடா நாடாவாக நீளும் பாசி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தான். கடைசியாக முழங்கை நீளத்துக்கு ஒரு கறுத்த வேர்க்கட்டை வந்தது. கட்டையை வேகவைத்துச் சாயம் போக்கிவிட்டுத்தான் போடவேண்டும் என்று போனில் பார்த்திருந்த எழிலரசி பெரிய குண்டானில் தண்ணீர் ஏற்றினாள். அவன் வந்து அடுப்பை அணைத்தான்.

"வேகவெச்சா செத்துடும்."

"கட்டை எப்படிங்க சாகும்?"

அவன் சிரித்துவிட்டுக் குண்டானை இறக்கி வைத்தான்.

இருந்தாலும் அந்த நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. இருவரும் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு, கட்டையில் பாசியைக் கறுப்பு நூலால் கட்டினார்கள். தண்ணீருக்குள் அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து, இப்படி, இப்படி என்று சொல்லிக்கொடுத்தான். கல்யாணமானதிலிருந்து அவன் அவளோடு சேர்ந்து ஆசையாகச் செய்த ஒரே வேலை அதுதான். கட்டையின் சாயம் இறங்கித் தண்ணீர் டிகாஷன் நிறமானது. மீன் எப்போது என்று கேட்டால், "தண்ணி பழகட்டும் அரசி" என்பான். நாற்பது நாளாகப் பழகிக்கொண்டிருந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தொட்டியின் விளக்கைத் தவிர ஹாலில் வெளிச்சமில்லை. மோட்டார் ஒரே சீராக முனகிக்கொண்டிருக்க, சேறும் துருவும் ஊறவைத்த துணியும் கலந்த வாடையின் அடியில் வேறு ஒரு மணம், இந்த ஹாலில் இருக்கக் காரணமே இல்லாத ஒரு மணம், மெல்ல மெல்ல எழும்பி அவள் மூக்கைத் தொட்டது.

மல்லிகை.

படுக்கையறை பீரோவுக்குள் அருளின் தங்கை படம் இருந்தது. ஏரியில் முழுகிச் செத்தவள் என்று சொல்லியிருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் பூ வைக்கச் சொன்னான். அம்மாவிடம் மட்டும் இந்தப் பேச்சை எடுக்காதே, தாங்கமாட்டாள் என்றும் சொன்னான். இன்று மத்தியானமும் எழிலரசி படத்துக்கு ஒரு முழம் வைத்திருந்தாள். இப்போது அந்த ஒரு முழம் தண்ணீருக்குள், பின்னலின் நுனியில் சுற்றியிருந்தது.

அருளின் போன் அணைந்திருந்தது. இரண்டாவது முறை அழைத்துக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. மாமியார் குப்பம்மா, இரண்டு தெரு தள்ளியிருக்கும் பழைய வீட்டிலிருந்து, ஒரு கிண்ணத்தில் கீரைக் கடைசலோடு வந்திருந்தாள்.

"இன்னாடி இருட்டுல நிக்கிற? மீனே இல்லாத தொட்டிக்கு லைட்டு, மோட்டரு. உன் புருசனுக்குக் கொழுப்பு..."

பேச்சு நின்றது. குப்பம்மா தொட்டியைப் பார்த்துவிட்டாள்.

"இந்தக் கட்ட ஏதுடி?"

"ஏரியில இருந்து எடுத்துட்டு வந்தாருங்க அத்தை."

"படித்துறை ஓரத்துல பட்டுப்போன வேல மரம் ஒண்ணு கீது. அதோட வேரு இது. இதுலதான் தலமுடி சிக்கிகினு ரெண்டு நாளு கெடந்தா."

"யாரு, அவர் தங்கச்சியா?"

குப்பம்மா மெதுவாகத் திரும்பினாள். "எனக்கு ஏதுடி பொண்ணு? நான் பெத்தது இவன் ஒருத்தனத்தான்."

எழிலரசி போய் படத்தை எடுத்து வந்தாள். மாமியார் முன்னால் நீட்டினாள். இரண்டு வருடம். எத்தனை வெள்ளிக்கிழமை. எத்தனை முழம்.

"யுவராணி," என்றாள் குப்பம்மா. "இவன் கட்டிக்க இருந்தவ. பத்திரிக அடிச்சாச்சு. ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா மறந்துடுவான்னு நெனச்சேன். அதான் உங்கிட்ட சொல்லல."

"நீங்களுமா அத்தை?"

குப்பம்மா படத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"கன்னியா போனவள எங்க வழக்கத்துல பூவாடைன்னு கும்புடுவோம். ஊட்டுல விசேஷம்னா ஏரிக்குப் போயி, தண்ணியிலர்ந்து அழைச்சிகினு வந்து, பூ வெச்சிப் படைப்போம். படைச்சி முடிச்சா திருப்பி அனுப்பிடுவோம். யாரும் ஊட்டோட வெச்சிக்க மாட்டாங்க." குரல் இறங்கியது. "இவன் ஏரியவே கொண்டாந்து வெச்சிக்கிறான். பூ வெச்சது யாரு?"

"நான்தான்."

"வந்தவ யார் மேலயாவது எறங்குவா. ஆனா அவங்க வாயால சரின்னு சொல்லணும். மூணு வாட்டி. சொல்லாம எறங்கமாட்டா. நீ எதுக்குனா சொன்னியா?"

அண்ணனூர் பெஞ்ச். அவன் சிரித்த முகம்.

கரண்ட் போனது. விளக்கு அணைந்து, எழிலரசி கையிலிருந்த போனின் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. மோட்டாரும் நின்றது. ஆனால் குமிழிகள் நிற்கவில்லை. ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. தூங்கி எழப்போகிறவள் மூச்சு விடுவதுபோல.

"பையத் தூக்கினு கெளம்புடி," என்றாள் குப்பம்மா. "கரூர் பஸ்ஸப் புடி."

எழிலரசி செருப்பைத் தேடினாள். அதற்குள் கதவு திறந்தது. அருள். மழையில் நனைந்திருந்தான், இடுப்பு வரை ஏரிச் சேறு. கையில் ஏரித் தண்ணீரோடு ஒரு பித்தளைச் சொம்பு, அதன் வாயில் வேப்பிலை.

"அம்மா, நீ ஊட்டுக்குப் போ."

குப்பம்மா மகனைப் பார்த்தாள். மருமகளைப் பார்க்கவில்லை. கொண்டுவந்த கிண்ணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டாள். செருப்பு மாட்டிக்கொண்டாள். படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

அருள் தாழ்ப்பாள் போட்டான்.

"இதுக்குத்தான் என்னைக் கட்டிக்கிட்டீங்களா?"

அவன் சொம்பை ஓரமாக வைத்தான். மணையை எடுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டான். தோளைப் பிடித்து உட்காரவைத்தான். மிருதுவாக. பாசி கட்டச் சொல்லிக்கொடுத்த அதே கை. சொம்பைத் தொட்டியில் கவிழ்த்தான்.

இருட்டுத் தண்ணீரில் பின்னல் அவிழ்ந்தது. தானாக. பாசி நடுவகிடாகப் பிரிந்தது. முகத்தின் மேல் விழுந்த கூந்தலை ஒருத்தி இரண்டு கையாலும் ஒதுக்குவதுபோல. அதன் பின்னால் முகம் இல்லை.

எழிலரசியின் முதுகில் ஏதோ சில்லென்று சொட்டியது.

பின்னால் கை விட்டு முடியை முன்னால் இழுத்தாள். மத்தியானம் தலை குளித்து விரித்துவிட்ட முடி. இப்போது மூன்று கால் பின்னல். ஈரம். நுனியில் மல்லிகை. கறுப்பு நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது.

அருள் அவள் எதிரில் மண்டியிட்டான். அவன் கண்கள் நிறைந்திருந்தன. இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட அவளை அவன் இப்படிப் பார்த்ததில்லை. இப்போதும் அவளைப் பார்க்கவில்லை.

"நீ அன்னிக்கே சரின்னு சொல்லிட்ட அரசி. இப்பதான் கேக்கறேன்," என்றான். "அவளுக்கு ஒடம்பு இல்ல. உன்னுதக் குடுத்துடு."