கையகல வழி

வெளியே வினோதா மூன்று முறை தட்டினாள். பதிலுக்கு இரண்டு தட்டு தட்டுவதற்காகப் பார்த்திபன் கையைத் தூக்கினான். தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

டொக். டொக்.

பதில் போய்விட்டது. அவன் தட்டவில்லை.

"உசுரோடதான் இருக்கியா, சரி சரி," என்று கூட வேலை செய்யும் வினோதா வெளியே சிரித்தாள். அவள் செருப்புச் சத்தம் ரெசின் டிரம் பக்கமாகப் போய் மழையில் கரைந்தது.

புதுவாயல் ஜங்ஷனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தப் படகு ஷெட்டில் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று இருந்தது. முன்பெட்டிக்குள் ஆள் இறங்கிவிட்டால் வெளியே இருப்பவர் அவ்வப்போது ஒரு ரூபாய்க் காசால் படகின் உடம்பில் மூன்று தட்ட வேண்டும். உள்ளே இருப்பவன் இரண்டு தட்ட வேண்டும். பெயின்ட் வாடை அப்படிப்பட்டது. முதலில் தித்திப்பாக மூக்கில் ஏறும், பிறகு மண்டை பஞ்சு மாதிரி ஆகும், பிறகு மாஸ்க்கையும் மீறி ஒரு சுகமான தூக்கம் வரும். தூங்கினால் அவ்வளவுதான். பதில் வராவிட்டால் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டுவிடுவார்கள்.

பதில் வந்துவிட்டால் இழுக்க மாட்டார்கள்.

எதிரொலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். ஆனால் மூன்று தட்டின் எதிரொலி எப்படி இரண்டாக வரும்?

அவன் படுத்திருந்த இடம் படகின் மூக்கு. தளத்துக்கு அடியில், முன்னால் போகப் போக ஒடுங்கிக் கடைசியில் ஒரு கைகூட நுழையாமல் முடிந்துபோகும் காற்றறை. கடலில் படகுக்குள் எவ்வளவு தண்ணீர் ஏறினாலும் முழுகவிடாமல் தூக்கிப் பிடிப்பது இந்தப் பெட்டிதான். உள்ளே வெள்ளை அடித்து, ஆள் இறங்கும் ஓட்டைக்கு மூடி போட்டு, சுற்றிலும் ரெசின் பசை வைத்து அடைத்துவிட்டால் அப்புறம் மிஷின் வைத்து அறுத்தால்தான் திறக்கும். படகின் வெளிப்பக்கத்துப் பழைய பெயின்டை முழுக்கத் தேய்த்து எடுத்திருந்தார்கள். அதனால் வெளியே நின்ற ஹாலஜன் விளக்கின் வெளிச்சம் ஃபைபர் சுவரை ஊடுருவி வெல்லப்பாகு நிறத்தில் உள்ளே கசிந்தது. சுவருக்குள் கண்ணாடி இழைகள் மயிர்க்கற்றை போலக் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தன. முதல் கோட் வெள்ளை அடித்த பிறகும் அந்த வெளிச்சம் முழுதாகச் சாகாமல் பால் கலந்த மாதிரி மங்கலாக நின்றது. ஷெட்டின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. காற்று ஊதும் குழாய் அவன் காலடியில் கிடந்து பாம்பு போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

வலப்பக்கச் சுவரைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தான். பார்த்தான்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வந்தவள் பெயர் கங்கம்மா. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ மாறி மாறி வந்திருந்தாள். படகு அவள் புருஷன் முனுசாமியுடையது.

"உள்ள பெயின்ட் அடிக்கிற ஆளு நீதானா நைனா?"

"ஆமாம்மா."

"முன்பெட்டில வலப்பக்கம் ஒரு கை அளவு சும்மா வுட்டுடு. அடிக்காத."

"ஏம்மா?"

"எங்கூட்டுக்காரரு இதுலதான் கடலுக்குப் போனாரு. படகு மட்டும் காட்டுப்பள்ளி ஹார்பர் கல்லுல வந்து மோதி நின்னுச்சி. அவரு வரல." அவள் அழவில்லை. படகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆளு வராம படகு மட்டும் வந்தா ஆளு படகுக்குள்ளதான் இருக்கும்னு எங்காளுங்க சொல்லுவாங்க. ஒரு கையகலம் வழி வுட்டுட்டா தானா எறங்கிப் பூடுவாரு. அடைச்சிட்டா எந்த வழியா போவாரு, நீயே சொல்லு."

பார்த்திபன் ஊத்துக்கோட்டைப் பக்கம் நெல் விளையும் ஊர்க்காரன். கடலை அவன் பார்த்ததே நாலைந்து தடவைதான்.

"யாரு கையி அளவும்மா?" என்றான்.

"அடிக்கிறவன் கையிதான்."

"சரிம்மா, வுட்டுடறேன்," என்றான். சொன்னபடியே உள்ளே போனதும் சுவரில் தன் வலது கையைப் பதித்து, விரல்களைச் சேர்த்து வைத்து, மார்க்கரால் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டான். அதை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் அடித்தான். வெள்ளைக்கு நடுவே அவன் கை வடிவில் ஒரு சின்ன ஜன்னல் பளிச்சென்று எரிந்தது.

ஷெட் முதலாளி எட்வர்ட் ஓட்டை வழியாகத் தலையை நீட்டியபோதுதான் எல்லாம் கெட்டது.

"இன்னாடா இது, கைரேகை ஜோசியம் பாக்கிறியா?"

"அந்தம்மா சொல்லிச்சிண்ணே."

"அந்தம்மா சொல்லும். ஃபைபர் தண்ணிய இழுத்து உள்ள ஊறினா ஒழுகுதுன்னு என்னியத்தான் வந்து கேக்கும். நாளைக்குக் காத்தால டெலிவரி. அட்ச்சி முடிடா."

ரோலரை இரண்டு இழுப்பு இழுத்தான். ஜன்னல் மூடிக்கொண்டது. அந்த அம்மாவுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டான். எட்வர்ட் கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பிப் போனார். அதன் பிறகு வினோதா தட்டிய முதல் தட்டுக்குத்தான் அந்தப் பதில் போனது.

இப்போது வலப்பக்கச் சுவரில் அந்தக் கை திரும்ப இருந்தது.

வெள்ளை வழித்து எடுத்த மாதிரி, வெறும் ஃபைபராக, தேன் நிறத்தில். பெயின்ட் சரியாக ஒட்டவில்லை, அவ்வளவுதான். ரோலரை எடுத்து மறுபடி அடித்தான். வெள்ளை அதன் மேல் படர்ந்தது, நின்றது, பிறகு வெயிலில் வைத்த வெண்ணெய் போல விளிம்புகளை நோக்கி மெதுவாக விலகியது. கை மறுபடி தெரிந்தது.

அவன் கோடு போட்டபோது விரல்கள் சேர்ந்திருந்தன. இப்போது விரிந்திருந்தன.

"பார்த்தி!" வெளியே வினோதா. "பாப்பா போன் பண்ணுது. எப்ப வருவேன்னு கேக்குது."

அவன் போன் அவளிடம்தான் இருந்தது. பெட்டிக்குள் போன் கொண்டுவரக் கூடாது. மகள் பூமிகா அவன் வந்து தலையைத் தடவாமல் தூங்க மாட்டாள். அந்தச் சின்னத் தலையின் தேங்காய் எண்ணெய் வாசனை ஒரு கணம் பெயின்ட் வாடையைக் கிழித்துக்கொண்டு வந்து போனது. வெளியே போகவேண்டும். உடனே போகவேண்டும்.

ஆனால் வாக்குக் கொடுத்திருந்தான். இதை இப்படியே அடைத்துவிட்டுப் போனால் இது வீடுவரை கூடவே வரும் என்று தோன்றியது. தின்னரில் நனைத்த துணியை எடுத்துக்கொண்டு முழங்கையால் ஊர்ந்து முன்னால் போனான். மிச்சமிருந்த வெள்ளையையும் துடைத்து அந்தக் கையகலத்தைச் சுத்தமாக விட்டுவிட்டால் போதும். எட்வர்ட் வேண்டுமானால் கத்தட்டும்.

சுவர்கள் இரண்டு பக்கமும் தோளை நெருக்கின. வாடை மாறியிருந்தது. பெயின்ட் வாடைக்கு அடியில் வேறொன்று. சேறு. உப்பு. வெகு நாள் நனைந்து கிடந்த வலை.

துடைத்தான். துணி வழுக்கியது. பிடிமானத்துக்காக வலது கையைச் சுவரில் ஊன்றினான்.

சரியாகப் பொருந்தியது. ஐந்து விரலும்.

ஒட்டிக்கொண்டது.

இழுத்தான். தோல்தான் இழுபட்டது. கை வரவில்லை. சுவர் ஈரமாக, லேசாக, மூச்சு வாங்குவது போல அவன் உள்ளங்கைக்குள் எழும்பித் தாழ்ந்தது.

வெளியே மூன்று தட்டு.

தட்டக்கூடாது. பதில் போகக்கூடாது. பதில் வராவிட்டால் இழுப்பாள். காலைப் பிடித்து இழுப்பாள். மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தான்.

டொக். டொக்.

அவன் காதுக்குப் பக்கத்தில்.

"வினோதாக்கா" என்று கத்தினான். வாய்தான் திறந்தது. சத்தம் இல்லை. தொண்டைக்குள் எதுவுமே இல்லை.

பிறகு அது நகர்ந்தது. கைகூட நுழையாத அந்த மூக்கிலிருந்து. அவன் தலைமேல் ஏறியது. முதுகின்மேல். ஈரம். கனம். அவ்வளவு ஜில்லிப்பு. சொட்டுச் சொட்டாகக் கழுத்தில் உப்புத் தண்ணீர். அவன் இடுப்பை, கால்களைத் தாண்டி ஊர்ந்துகொண்டு ஓட்டையை நோக்கிப் போனது.

கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். வெள்ளை ஓவரால் உடுப்பு. கறுப்பு மாஸ்க். இடது காலில் மட்டும் டேப் சுற்றிய ஷூ.

அவன் ஷூ.

கால்கள் ஓட்டை வழியாக மேலே போயின.

"முடிஞ்சிச்சா? மாஸ்க்கைக் கயட்டு, மூச்சு வுடு."

"அப்பறம் கயட்டிக்கறேங்க்கா. மூடிடலாம்."

அவன் குரல். அவனுடைய அதே இழுவை. அவன் தொண்டையில் இல்லாத குரல் அங்கே இருந்தது.

"இன்னாடா தொப்பலா நனைஞ்சிருக்கே?"

"வேர்வைக்கா."

"உள்ள எதனா வெச்சிட்டு வந்துட்டியா? பிரஷ்ஷு, டப்பா?"

"ஒண்ணுமில்லை."

ஓட்டையில் வினோதாவின் முகம் தெரிந்தது. அவனை நேராகப் பார்த்தாள். அவன் காலை உதைத்தான். இடது கையை ஆட்டினான். கண்ணோடு கண் பார்த்தாள்.

"பரவால்ல, நல்லா வெள்ளையா வந்துருக்குடா," என்றாள்.

காற்றுக் குழாய் வழுக்கிக்கொண்டு மேலே போனது. மூடி வந்தது. வட்ட வெளிச்சம் பிறையானது. கோடானது. இல்லாமல் போனது. விளிம்பைச் சுற்றிப் பசை தேய்க்கும் சத்தம். சரக், சரக். பொறுமையாக. வினோதா எப்போதும் பொறுமையாகத்தான் வேலை செய்வாள்.

இடது கை விரலை மடக்கிச் சுவரில் தட்டினான். தட்டினான். தட்டினான்.

"உள்ள இன்னாவோ தட்டுது பாரு."

"ரெசின் காயுதுக்கா. காயறப்ப சத்தம் வரும்ல."

"ஆமா, அதானே," என்றாள் அவள்.

போன் அடித்தது. பூமிகாவுக்காக அவன் வைத்திருந்த ரிங்டோன். பாதியில் நின்றது.

"வந்துக்கினே இருக்கேன் பாப்பா," என்றது அவன் குரல். "தூங்காத. கதவத் தொறந்து வை."

வெளிச்சத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு உருவம் வந்து நின்றது. நிழல் உள்ளே விழுந்தது. அவன் உயரம். அவன் தோள். அது கையைத் தூக்கி, வெளிப்பக்கத்தில், அவன் கை ஒட்டியிருந்த அதே இடத்தில் தன் கையை வைத்தது. இந்தப் பக்கம் ஐந்து விரல். அந்தப் பக்கம் ஐந்து விரல். நடுவே ஒரு விரல் கனத்துக்கு ஃபைபர்.

மூன்று தட்டு தட்டினான்.

டொக். டொக்.

பிறகு உருவம் நகர்ந்தது. டேப் சுற்றிய ஷூ ஈரத்தில் சளக் சளக்கென்று வாசலைத் தாண்டி மழைக்குள் போனது. கையின் நிழல் மட்டும் போகவில்லை. அவன் கைக்கு எதிரே, விரல்களை விரித்தபடி, அங்கேயே இருந்தது.