திரையைப் பிடித்த சீமாட்டி

ஜப்பான் சிப்பாயின் பிணத்தைச் சுங்கை பினாங்கு ஆற்றிலிருந்து தூக்கிப்போய்க் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. குத்தியவனைத் தேடித் தெருவையே அடைத்துவிட்டார்கள்.

இரவில் குத்தியவன் ஐயாத்துரை. டிராயிங் மாஸ்டர் குலசேகரத்தின் மைத்துனன். விடிந்ததிலிருந்து மாஸ்டர் வீட்டு விறகுக் குவியலுக்குப் பின்னால்தான் பதுங்கியிருந்தான்!

ஜப்பானிய லெப்டினன்ட் மொரித்தா கூப்பிடுகிறார் என்றதும் மாஸ்டருக்குப் பாதி உயிர் போய்விட்டது.

போனால்... ஓவியம்!

ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் கிடைத்ததாம். எழுபது வருஷத்துப் பழசு. பச்சைப் பட்டு உடுத்திய சீமாட்டி ஒருத்தி, திரைச்சீலையைப் பிடித்தபடி சிரிக்கிறாள்.

"இவ மனசுல என்னான்னு கேக்குறாரு மாஸ்டர்," என்றான் மொழிபெயர்ப்பாளன் கமாலுதீன்.

தப்பித்த நிம்மதி மாஸ்டரின் நாக்கை அவிழ்த்துவிட்டது. வாய் மட்டும்தான் சிரிக்கிறது, கண் சிரிக்கவில்லை என்றார்.

"விரலைப் பாரும். திரையைத் தொடேல்லை, அமுக்கிப் பிடிக்கிறா. காலடியில நாய்... விசுவாசத்துக்கு அடையாளம். அதுவே எசமானியை விட்டுட்டுத் திரையைப் பார்க்குது. பின்னால ஆள் நிக்குது."

மொரித்தா கைதட்டினார்.

"நல்ல கண்ணுங்கறாரு. வாங்க, தெருப் பொம்பளைங்கள வெளிய நிறுத்தியிருக்கு. ஆள ஒளிச்சு வச்சிருக்கறது யாருன்னு மூஞ்சியப் பாத்துச் சொல்லணுமாம். சொல்லலேன்னா உங்க தலைதான் லா."

வரிசையில் முதலில் நின்றவள் மாஸ்டரின் மனைவி செல்வநாயகி.

முகத்தில் சலனமே இல்லை. அந்த அமைதிதான் ஆபத்து. படத்துச் சீமாட்டியே தேவலை... இவளைக் குருடனும் கண்டுபிடித்துவிடுவான்!

கடைசியில் பக்கத்து வீட்டு யோகம்மா. தனிக்கட்டை. வெடவெடத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டில் ஒரு பாய், ஒரு பானை. தேடுவார்கள். ஒன்றும் இருக்காது. அவளைக் கன்னத்தில் இரண்டு அறைந்து விட்டுவிடுவார்கள். அதற்குள் ஐயாத்துரை ஆற்றில் இறங்கிவிடலாம்...

மாஸ்டர் யோகம்மாவைக் காட்டினார். சிப்பாய்கள் ஓடினார்கள்.

செல்வநாயகியின் முகம் அப்போதுதான் வெளுத்தது. உதடு அசையாமல் சொன்னாள்.

"நீங்கள் போன உடன தம்பியை அங்கதான் கொண்டுபோய் விட்டனான்."

கதவு உடைந்தது. உள்ளே மூன்று வெடிச் சத்தம்.

நான்காவது, வெளியே... யோகம்மாவுக்கு.

மொரித்தா மாஸ்டருக்கு இடுப்பு வளைய ஒரு வணக்கம் வைத்தார்.

"ரொம்ப சந்தோசமாம்," என்று கமாலுதீன் சிகரெட்டைப் பற்றவைத்தான். "நாளைக்கு ஜுருங்கற ஊர்ல இருபது பேர வரிசையில நிறுத்துறாங்க. காலையிலயே வந்துடுங்க மாஸ்டர். வெயில் ஏறிட்டா எல்லா மூஞ்சியும் ஒரே மாதிரி ஆயிடும் லா."