தங்கைக்கு ஒரு டம்ளர் பால்

ஜன்னல் விளிம்பைத் துடைக்கப் போனபோதுதான் அவள் அந்தச் சிறகுகளைப் பார்த்தாள். கண்ணாடித் தாளைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டதுபோல், எள்ளளவுகூட இல்லாத சிறகுகள் ரோஜாத் தொட்டியைச் சுற்றிச் சிந்திக் கிடந்தன. ஈரத்துணியில் ஒட்டிக்கொண்டு வந்தவற்றை உதறத் தோன்றாமல் அப்படியே நின்றாள். சிறகு இருந்தது, பூச்சியைக் காணோம்.

"செடிச்சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சியோட சிறகுக்கா," என்றாள் தங்கை சின்னு, நாற்காலியில் சாய்ந்தபடி. "எறும்பு கடிச்சுப் போட்டிருக்கு."

சின்னு பள்ளியில் உயிரியல் சொல்லித்தருபவள். வேறு ஊரில் நல்ல பள்ளி ஒன்றில் வேலை கிடைத்து, இங்கே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டுப் பெட்டி கட்டிய வாரத்தில்தான் இந்த அசதி அவள்மேல் வந்து உட்கார்ந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, ஓய்வெடுக்கட்டும் என்றார். பெட்டி கட்டிலுக்கடியில் அப்படியே கிடந்தது.

அது என்ன அசதி என்று அக்காவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். இரவு வேலை பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்டுப்போனதற்காக அவளுக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரைதான் அது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு இந்த மாடி வீட்டில் இருவர் மட்டுமே. தங்கையின் பெட்டியைப் பார்த்த அன்று, ஒரே ஒரு நாள் பயணம் தள்ளிப்போனால் போதும் என்றுதான் பாலில் பொடித்துக் கலந்தாள். மறுநாளும் கலந்தாள். அப்புறம் கை தானாகச் செய்தது. சின்னுவுக்குத் தலை வாரிவிட்டாள், சோறு ஊட்டிவிட்டாள். இப்படி ஒரு அக்கா யாருக்கு வாய்க்கும் என்று பக்கத்து வீட்டுக்காரி வியந்தபோது, அடுப்பைப் பார்ப்பவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தங்கை நாக்கு குழறக் குழற விளக்கிக்கொண்டிருந்தாள். அசுவினி கசியவிடும் இனிப்புக்காக எறும்புகள் அதை வளர்க்குமாம். தின்ன வரும் பொறிவண்டை விரட்டுமாம். இளந்தளிர் பார்த்துத் தூக்கிக்கொண்டுபோய் விடுமாம். சிறகு முளைத்தால் மட்டும் கடித்துவிடும். போதாததற்கு, எறும்பு நடந்த தடத்தில் அதன் காலிலிருந்து ஏதோ ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் நிற்கும் அசுவினி நடை தளர்ந்து, தூரம் போகமாட்டாமல் கிடக்கும்.

"கொல்லாதுக்கா. மயக்கி வச்சுக்கும்." கண்ணை மூடிக்கொண்டாள். "தூரத்துல இருந்து பாத்தா பாசம்னுதான் தோணும்."

தெரிந்துதான் சொல்கிறாளா? அக்காவின் கையில் துணி சொட்டிக்கொண்டே இருந்தது.

அன்று மாலை மாத்திரைகள் அத்தனையையும் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். வெறும் பாலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சின்னு ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தாள்.

"இன்னைக்குக் கசக்கலையே."

சர்க்கரை கூடிப்போயிருக்கும் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மருந்து உடம்பை விட்டுப் போக எத்தனை நாளாகும் என்று அவளுக்குக் கணக்குத் தெரியும். அந்த நாட்கள் கடந்தன. சின்னு எழவில்லை. நாற்காலிக்கு வருவதும் நின்றது. அறையில் அழுகத் தொடங்கிய பழத்தின் தித்திப்பு வாடை. எவ்வளவு துடைத்தாலும் உள்ளங்காலில் ஒட்டும் தரை. சுவருக்குள் யாரோ தாளைக் கசக்குவதுபோல் ஓயாத சரசரப்பு. தொட்டியிலிருந்து புறப்பட்ட எறும்புச் சாரை அறை வாசலைத் தாண்டிக் கட்டிலின் காலில் ஏறியது. எறும்புப்பொடி தூவினாள். சாரை சுற்றிக்கொண்டு போனது. தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தெருக்கோடியில் போட்டுவிட்டு வந்தாள். சாரை குறையவில்லை. இப்போது அது சுவர் விரிசலிலிருந்து வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினாள்.

"எதுக்கு? நல்லாத்தான் பாத்துக்குதுங்க," என்றாள் சின்னு.

ஆம்புலன்ஸை அழைக்கப் போனை எடுத்தாள். என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு, எத்தனை நாளாக என்று முதலில் கேட்பார்கள். தினமும் அவளே நோயாளிகளின் வீட்டாரிடம் கேட்கும் கேள்விகள். பதில் அவளிடம் மட்டும்தான் இருந்தது. போனை வைத்துவிட்டாள். சீருடையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. சரசரப்பு நின்றிருந்தது. வீடு முழுக்க வாடை.

அறைக் கதவைத் தள்ளினாள்.

சின்னு குப்புறப் படுத்திருந்தாள். முதுகில் கறுப்புச் சட்டை. சின்னுவிடம் கறுப்புச் சட்டை கிடையாது.

சட்டை நகர்ந்தது.

எறும்புகள். உணர்கொம்பால் முதுகை வருடிக்கொண்டிருந்தன. மெல்ல. தட்டித் தட்டி, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல். வருடிய இடத்தில் தோல் கசிந்தது. ஒரு துளி. தெளிந்து, கனத்து. ஒன்று வந்து குடித்தது. விலகியது. அடுத்தது வந்தது.

"சின்னு."

மூச்சு இருந்தது. உதட்டோரம் நிம்மதி இருந்தது.

அள்ளித் தூக்கக் கை நீட்டினாள்.

வருடல் நின்றது. அத்தனையும் ஒருசேரத் திரும்பின. முதுகில். தலையணையில். கன்னத்தில். மூடிய இமைகளின்மேல். தலை தூக்கி, தாடை விரித்து, அக்காவைப் பார்த்தபடி.

அவள் கை அந்தரத்தில் நின்றது.

காவலுக்கு நடுவே, சின்னுவின் முதுகில் இன்னொரு துளி திரண்டது.