இதயத்தைச் சுற்றி ஓர் ஓடு

அந்த ஊரில் யார் இறந்தாலும், மிராசுதார் இராஜாங்கம் சொல்வதுதான் காரணம். 'ஏன்?' என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை.

அரசப்பன் இறந்தபோதும் கேட்கவில்லை. குத்தகை நிலத்தை விட மறுத்த அந்த உழவர், மோட்டார் கொட்டகையில் பிணமாகக் கிடந்தார். கையில், முனை ஒடிந்த கருக்கரிவாள்!

"ஹார்ட் ஃபெயிலியர்" என்றார் இராஜாங்கம்.

பொழுது சாய்வதற்குள் சிதை எரிந்து அடங்கியது.

இருபது ஆண்டுகள் ஓடின...

தஞ்சாவூர் மருத்துவமனைக் கட்டிலில் அதே இராஜாங்கம் மூச்சுக்குத் திணறினார். கால் வீங்கி, வயிறு உப்பி, கழுத்து நரம்பு புடைத்து...

"எனக்கு என்ன டாக்டரம்மா?"

"ஹார்ட் ஃபெயிலியர்" என்றாள் இதய மருத்துவர் செம்மொழி.

அவர் முகம் வெளிறியது!

"அது வெறும் பேருதாங்க ஐயா. காரணத்தை இனிமேதான் தேடணும்."

தேடினாள். இ.சி.ஜி.யில் மாரடைப்பின் தடயம் இல்லை. காசநோய் இல்லை. எக்கோவில் இதயம் நன்றாகவே சுருங்கியது, விரியத்தான் முடியவில்லை.

சி.டி. ஸ்கேன் வந்தது.

செம்மொழி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

இதயத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு ஓடு. அதில் புதைந்து... வளைந்த ஓர் இரும்புத் துண்டு!

"நெஞ்சுல என்னங்க தழும்பு?"

"அதுவா... ரொம்ப வருஷம் முந்தி மாடு முட்டுச்சு."

"இரும்புக் கொம்பு மாடா?"

கட்டிலருகே அமர்ந்திருந்த அவர் மனைவி பிரகதாம்பாள் நிமிர்ந்தாள்.

"பழைய குத்து ஐயா" என்றாள் செம்மொழி. " உள்ள ரத்தம் கசிஞ்சு, இறுகி, ஓடாயிடுச்சு. இப்ப ஹார்ட்டை நெரிக்குது... ஒரு ஆளோட கழுத்தை நெரிக்கிற மாதிரி!"

"நீ... யாரு?"

"அரசப்பன் பொண்ணு. அந்த அரிவாளை எங்கம்மா இன்னும் வெச்சிருக்காங்க. முனைதான் இல்ல!"

"என்னைக் கொல்லப் போறியா?"

"சேச்சே! பிழைக்க வைக்கப் போறோம். சர்ஜன் அந்தச் சுண்ணாம்பு ஓட்டைக் கொட்டாங்கச்சி மாதிரி பேர்த்து எடுப்பாரு. உயிர் உங்களுக்கு... இரும்பு போலீசுக்கு!"

"சம்மதிக்க மாட்டேன்!"

"அப்ப ஓடு நெரிச்சே முடிச்சிடும். உங்க இஷ்டம்."

இராஜாங்கம் மனைவியிடம் கையை நீட்டினார். "பிரகதா... கெளம்பு. வீட்டுக்குப் போவோம்."

அவள் அசையவில்லை.

"அன்னிக்கு உங்க சட்டை ரத்தத்தை அலசினவ நான். கேக்காமயே அலசினேன். இப்ப கேக்குறேன்..." வார்டே திரும்பிப் பார்க்க, அவள் குரல் உயர்ந்தது. "அரசப்பன் ஏங்க செத்தாரு?"

செம்மொழி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா... இந்தத் தடவை மாடு வேணாம்!"