மடையைத் திறக்காத இளமதி

மழை வந்தே விட்டது! ஐந்தாம் வகுப்பு இளமதி குடையைக்கூட எடுக்காமல் வயலுக்கு ஓடினாள்.

வயலுக்குத் தண்ணீர் தரும் போர்க்கிணறு வற்றி, நாற்று மஞ்சளாகிக் கிடந்தது. அதனால் அவள் அப்பா போருக்குப் பக்கத்தில் ஆழமாகக் குழி வெட்டி, கருங்கல்லும் ஜல்லியும் மணலும் நிரப்பியிருந்தார். சாலையோரக் கால்வாயில் வரும் மழைநீரை மடை வழியாக அதற்குள் விட்டால், பூமிக்குள் இறங்கிப் போரில் ஊறும்.

அப்பாவை அவள் 'நைனா' என்றுதான் கூப்பிடுவாள். "மழை வந்தா மடையத் தொறந்துடு கண்ணு. ஒரு சொட்டுகூட வீணாவக் கூடாது," என்று சொல்லிவிட்டுத்தான் அவர் காலையில் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போனார்.

மடைப் பலகையில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். தண்ணீர்மேல் நீலமும் மஞ்சளுமாக ஏதோ மினுமினுத்தது. குனிந்து மோந்தாள். லாரி நாற்றம்!

நைனாவைக் கேட்கலாம் என்றால், ஷிப்டில் போன் எடுக்க மாட்டார். பூமிக்குள் போய்விட்டால் இதை எப்படி வெளியே எடுப்பது?

"இன்னாடி வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? தண்ணி போவுது பாரு!" பக்கத்து வயல் முத்தம்மா கத்தினார்.

"தொறக்க மாட்டேன் அத்தை. வந்து மோந்து பாரு."

முத்தம்மா ஒரு கை அள்ளி மோந்தார். முகம் மாறிவிட்டது. "ஐயோ, ஆயிலு! இது எறங்குனா எங்க போரும் நாசமாப் பூடுமே!"

இருவரும் கால்வாயோரமாக நடந்தார்கள். சிறுபாலத்தடியில் யாரோ வீசிய ஆயில் கேன் கவிழ்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது. அதை நிமிர்த்தி, மூடி, மேட்டில் தூக்கி வைத்தார்கள்.

இளமதி ஒரு பழைய பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பார்த்தாள். மினுமினுப்பு போகவில்லை. கொட்டிவிட்டு மறுபடி பிடித்தாள். இன்னும் இருந்தது. மழையோ தூறலாகிக்கொண்டே வந்தது.

"நின்னுடப் போவுதே!" முத்தம்மா முனகினார்.

இளமதிக்கு அழுகை முட்டியது. ஆனாலும் திறக்கவில்லை.

ஐந்தாவது தடவை வெறும் செம்மண் நிறம்தான். நாற்றமும் இல்லை. மடையைத் தூக்கினாள். களக், களக் என்று தண்ணீர் இறங்கியது. அரை மணி நேரம்தான். மழை நின்றுவிட்டது.

மாலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய நைனா நேராகக் குழிக்கு வந்தார். "அவ்ளோ மழைக்கு இவ்ளோதானா?"

இளமதி திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மேட்டிலிருந்த கேனைப் போய்ப் பார்த்தார்.

"நானா இருந்தா தொறந்துட்டிருப்பேன்," என்றார் மெதுவாக.

வடக்கே இடி உருண்டது. பெரிய பெரிய துளிகள் விழுந்தன. கால்வாய் மறுபடி சலசலத்தது. நைனா மடைப் பலகையைப் பிடித்தார். ஆனால் தூக்கவில்லை.

"இன்னா கண்ணு, தொறக்கலாமா?"

இளமதி பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மோந்து, வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள்.

"தொற நைனா!"