இரண்டாவது பிரேக்

காலடியில் இருந்த பிரேக் மிதி மெல்ல இறங்கியதைச் செருப்பு வழியே அவள் உணர்ந்தாள்.

அது கணவன் நடத்தும் டிரைவிங் ஸ்கூலின் கார். கற்றுக்கொடுப்பவருக்காகப் பக்கத்து இருக்கையின் முன்னாலும், இப்போது அவள் இருந்த இடத்தில், ஒரு பிரேக் உண்டு. இரண்டும் ஒரே கம்பியில் இணைந்தவை. ஒன்று இறங்கினால் மற்றதும் இறங்கும். ஆனால் கணவனின் கால் அப்போது ஆக்ஸிலரேட்டரில் இருந்தது.

"காலை எடு," என்றான்.

"நான் மிதிக்கல, மாஸ்டர்."

"எல்லா ஸ்டூடண்டும் இதைத்தான் சொல்றாங்க."

சிரித்தாள். மலை உச்சியில் காரை நிறுத்திப் பள்ளத்தாக்கைப் படம் எடுத்தபோது வெயில் அடித்தது. இப்போது இறக்கத்தின் மூன்றே வளைவுக்குள் மூடுபனி சாலையை விழுங்கியிருந்தது, ஈரப்பாறையின் வாசனையும் டயர்களின் சரசரப்பும் கண்ணாடி இடுக்கு வழியே உள்ளே வந்துகொண்டிருந்தன, அவற்றுக்கு அடியில் லேசாக ஏதோ கருகும் வாசனை.

மிதி மறுபடி இறங்கியது. அவள் கணவனின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.

வேண்டுமென்றே செய்கிறானோ? போன மாதம் வேறொரு ஸ்கூலை மூடியபோது வாங்கிய கார் இது. ஏன் மூடினார்கள் என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் பேச்சை மாற்றினான்.

"என் காலடியில மட்டும் ஏன் புது மேட்டு?"

"பழசு ஈரமாவே இருந்துச்சு. எத்தனை நாள் வெயில்ல போட்டாலும் காயல."

அவனிடம் சொல்லாமல் செருப்பைக் கழற்றி, இரண்டு கால்களையும் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டாள். காத்திருந்தாள். கார் தயங்கியது. கருகல் கூடியது.

"இப்படியே மிதிச்சிட்டு வந்தா சூடேறி பிரேக்கே பிடிக்காது. அடுத்தது பெரிய வளைவு. விளையாடாத."

"ஏங்க. இங்க பாருங்க."

அவள் மடக்கிய கால்களைப் பார்த்தான். பிரேக்கை மிதித்தான்.

அது இறங்கவில்லை.

கியரைக் குறைத்தான். எஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். சரிவு விடவில்லை.

"தண்ணி பாட்டில் உருண்டு உன் மிதிக்கு அடியில மாட்டியிருக்கும். குனிஞ்சு எடு. சீக்கிரம்."

பாட்டில் அவள் கதவோரம் நிமிர்ந்து நின்றது. ஆனாலும் குனிந்து கையை விட்டாள்.

பிளாஸ்டிக் இல்லை. குளிர்ந்திருந்தது. மிருதுவாக.

ஐந்து விரல்கள். மிதியைக் கீழிருந்து தாங்கிக்கொண்டிருந்த ஒரு பாதம்.

"எடுத்துட்டியா?"

இழுத்தாள். வரவில்லை. முன்கண்ணாடியில் வளைவின் வெள்ளைக் கற்கள். பெரிதாகின. இன்னும் பெரிதாக.

"எடுத்துட்டியாடி?"

பிடி கிடைக்குமா என்று கை மேலே தடவியது. கணுக்கால். கெண்டைக்கால். முழங்கால். அங்கிருந்து தொடை பின்பக்கமாக நீண்டு, அவள் தொடைகளுக்கு அடியில் போனது.

புறப்பட்டதிலிருந்து அவள் சீட்டின் மேல் உட்கார்ந்திருக்கவில்லை.