கிணற்றுக்குள் எடுத்த படம்

யதுர்ஷிகா வேலியோரம் குப்புறப் படுத்திருந்தாள். அவளுடைய மூக்குக்கு நேரே ஒரு சிலந்தி வலை. வலை முழுக்கப் பனித்துளிகள். கையில் பாடசாலையின் கமரா.

“பிள்ளை, பாம்பு கீம்பு கிடக்கும். எழும்பு!” குசினிக்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டார்.

“பொறுங்கோ அம்மா. வெயில் வருது.”

வெயில் வந்தது. துளிகள் ஒவ்வொன்றாக மினுங்கத் தொடங்கின. யதுர்ஷிகா மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

கண்டாவளையில் அவள் படிக்கும் பாடசாலையில் ஒளிப்பட மன்றம் ஒன்று இருக்கிறது. மன்றத்தில் பதினான்கு பேர். கமரா ஒன்றுதான். அதனால் ஒருவர் திங்கட்கிழமை வாங்கி, வெள்ளிக்கிழமை பாடசாலை விடும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்த வாரம் யதுர்ஷிகாவின் முறை. கமராவோடு ரஜிதா ரீச்சர் ஒரு தாளும் கொடுத்திருந்தார். அதில் நான்கே வரிகள்.

1. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்.
2. கிட்டப் போ.
3. பின்னால் என்ன நிற்கிறது என்று பார்.
4. காத்திரு.

முதல் நாள் அவள் எடுத்தவை எல்லாம் பிழைத்துப் போயின. யன்னலுக்கு முன்னால் வைத்து எடுத்த தேத்தண்ணிக் கேத்தில் கறுப்பு உருண்டையாக வந்தது. கோழியை எடுத்த படத்தில் கோழியின் வால் மட்டும் இருந்தது. கதிரையில் நித்திரை கொண்ட அப்பாவின் தலையில் ஒரு தும்புத்தடி முளைத்திருந்தது. அது வீடு கூட்டிவிட்டுச் சுவரில் சாத்தி வைத்த தும்புத்தடி. அதை அவள் கவனிக்கவேயில்லை.

அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தவர் நிரோஜன் அண்ணா. பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

“யது, எனக்கு அம்மாவின்ர படம் ஒண்டு வேணும். கொண்டுபோக.”

சனிக்கிழமை அண்ணா மட்டக்களப்புக்குப் போகிறார். பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. வீட்டை விட்டு அவர் போவது இதுதான் முதல் தரம்.

“அம்மாவின்ர படம் அலுமாரிக்குள்ள நிறையக் கிடக்குதே?”

அண்ணா அலுமாரியைத் திறந்து, பிஸ்கட் ரின்னை எடுத்துக் கொட்டினார். இரண்டு கோழிகளைப் பிடித்தபடி அம்மா. மண்வெட்டியோடு அம்மா. தையல் மெசினுக்குப் பக்கத்தில் அம்மா. பாதி கட்டிய வீட்டுச் சுவருக்கு முன்னால் அம்மா. எல்லாவற்றிலும் அம்மாவுக்குப் பின்னால் ஏதாவது ஒரு உதவி நிறுவனத்தின் பெயர்ப் பலகை. எல்லாவற்றிலும் ஒரே முகம். அம்மாவை விட அந்தக் கோழிகள் சந்தோசமாக இருந்தன.

“நான் போனில எடுத்தாலும் இப்பிடித்தான் நிக்கிறா,” என்றார் அண்ணா. “இதில ஒண்டும் எங்கட அம்மா மாதிரி இல்லை. நீதானே இப்ப கமராக்காரி. எங்கட அம்மாவை எடுத்துத் தாவன்.”

“எடுத்துத் தாறன்,” என்று யதுர்ஷிகா சொன்னாள். அது பெரிய வேலையாக அவளுக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலையைத் தொடங்கினாள்.

“அம்மா, ஒரு படம்.”

அம்மா கையைத் துடைத்தார். கொண்டையை அவிழ்த்துக் கட்டினார். சுவரோடு போய் நேராக நின்றார்.

“எதைப் பிடிக்கிறது?”

“ஒண்டையும் பிடிக்க வேண்டாம்.”

“வெறுங்கையோட எப்பிடி நிக்கிறது?” அம்மா சுற்றிப் பார்த்துச் சுளகை எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். முகம் பிஸ்கட் ரின் முகமாகிவிட்டது.

அடுத்த வளவு வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. வீரகத்தி மாமா.

“கமராவோ? எந்த நிறுவனம் பிள்ளை?”

“நிறுவனம் இல்லை மாமா. பள்ளிக்கூடம்!”

மாமா அதைக் கேட்கவில்லை. ஓடிப்போய் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் இறைக்கும் மெசினையும் தூக்கிக்கொண்டு வந்தார். மெசினில் ஒரு கையை வைத்துக் கம்பம் போல நின்றார். யதுர்ஷிகா எடுக்காமல் விட முடியவில்லை.

“என்ர பேர் எழுதேல்லையோ?” என்று மாமா கேட்டார்.

“தெரியும்தானே மாமா!”

“எண்டாலும் எழுதிறதுதானே முறை.”

புதன்கிழமை அவள் ஒரு தந்திரம் செய்தாள். தேசிமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். விறகு கொண்டு வந்த அம்மா படியில் குந்தி, ஒரு காலைத் தூக்கி வைத்து, வாயைக் கோணிக்கொண்டு முள் எடுத்தார். கிளிக்!

அம்மா நிமிர்ந்தார். எழுந்து வந்து, கமராவின் சின்னத் திரையைப் பார்த்தார்.

“கேக்காமலே எடுக்கிறது?”

அம்மா சத்தம் போடவில்லை. மெல்லத்தான் கேட்டார். யதுர்ஷிகாவுக்குக் காது சுட்டது. அம்மாவுக்கு முன்னாலேயே அந்தப் படத்தை அழித்தாள்.

“இனிக் கேக்காமல் எடுக்கமாட்டன் அம்மா.”

அம்மா அவளுடைய தலையில் ஒட்டியிருந்த தேசியிலையை எடுத்துப் போட்டார். இரண்டு பேரும் படியில் இருந்தார்கள்.

“கமராவைக் கண்டா ஏன் அம்மா எதையாவது பிடிக்கிறீங்கள்?”

“பழகிப் போச்சுது பிள்ளை. சண்டை முடிஞ்சு நாங்கள் திரும்பி வந்து இதில குடியிருந்த நேரம், நிறுவனக்காரர் ஒவ்வொரு சாமானும் தரேக்க ஒரு படம் எடுப்பினம். இதைப் பிடியுங்கோ, அசையாதேங்கோ, பலகை தெரியட்டும் எண்டுவினம். சாமான் வந்து சேந்ததுக்கு அத்தாட்சி வேணும்தானே? கோழி அசைஞ்சிட்டுதெண்டு என்னை மூண்டு தரம் எடுத்தவை.”

“அப்ப அது கோழியின்ர படம். உங்கட படம் இல்லை.”

அம்மா அதை யோசித்தார். “ஓம் என்ன?” என்றார்.

வியாழக்கிழமை யதுர்ஷிகா அம்மாவின் பக்கம் கமராவைக் கொண்டுபோகவேயில்லை. பாடசாலை விட்டு வந்து வயல் வரம்பில் இருந்தாள். கதிர்கள் பழுத்துத் தலை சாய்ந்திருந்தன. காற்று ஒரு கரையில் தொடங்கி மறுகரை வரைக்கும் நெல்லைத் தடவிக்கொண்டு போனது. கொக்குகள் எழும்புவதும் இருப்பதுமாக நின்றன. பார்த்துக்கொண்டே இருந்ததில் தானும் மிதப்பது போல அவளுக்கு இருந்தது. இந்தக் கமரா வந்த பிறகு எல்லாமே புதிதாகத் தெரிகிறது. எவ்வளவு பார்த்துவிட்டாள், நான்கே நாளில்!

அம்மாவும் எத்தனையோ தரம் கமராவுக்கு முன்னால் நின்றிருக்கிறார். ஆனால் ஒரு தரமாவது அதற்குள்ளால் பார்த்திருப்பாரா?

யதுர்ஷிகா எழுந்து வீட்டுக்கு ஓடினாள். வெளிச்சம் போய்விட்டது. வெள்ளி காலை மட்டும்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அம்மா கிணற்றடியில் நின்றார். மாரி முடிந்த காலம். கிணறு நிறைந்து, கட்டுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர் நின்றது.

“அம்மா, நீங்கள் பிடிக்கிறதுக்கு ஒரு சாமான் கொண்டு வந்தனான்.”

அம்மா திரும்பினார். யதுர்ஷிகா கமராவை அவருடைய கையில் வைத்து, அதன் பட்டியை மணிக்கட்டில் மாட்டிவிட்டாள்.

“ஐயோ, உடைஞ்சால்?”

“பட்டி இருக்கு, விழாது. இதை அமத்தினால் சரி.”

“என்னத்தை எடுக்கிறது?”

“உங்களுக்குப் பார்க்க விருப்பமானதை.”

அம்மா கமராவை நெஞ்சோடு பிடித்து, திரையைப் பார்த்தபடி மெல்லத் திரும்பினார். குசினிப் புகை வந்தது, போனது. கோழி வந்தது, போனது. அம்மா பொத்தானை அழுத்தவில்லை. கடைசியில் கமராவோடு கிணற்றுக் கட்டில் சாய்ந்து உள்ளே பார்த்தார்.

“இஞ்ச வந்து பார். வானம் உள்ளுக்கை கிடக்கு. ஒவ்வொரு நாளும் விடிய இதைத்தான் முதல் பார்க்கிறனான். ஆருக்கும் சொன்னதில்லை.”

யதுர்ஷிகாவும் எட்டிப் பார்த்தாள். தண்ணீருக்குள் மேகங்கள் போய்க்கொண்டிருந்தன. மேகத்துக்கு நடுவில் இரண்டு முகங்கள்.

அந்த நேரம் பார்த்து வேப்பிலை ஒன்று சுழன்று விழுந்தது. முகங்கள் நெளிந்தன, நீண்டன, துண்டு துண்டாகப் பிரிந்தன.

“ஐயோ, என்ர மூக்கு போச்சுது!” என்றாள் யதுர்ஷிகா.

“என்ர மூக்கு உன்ர முகத்தில நிக்குதடி!”

“பொறுங்கோ அம்மா. தண்ணி அடங்கட்டும்.”

காத்திருந்தார்கள். வளையங்கள் ஒவ்வொன்றாகக் கிணற்றுச் சுவரில் மோதி அடங்கின. மூக்கு வந்தது. கண் வந்தது. எல்லாம் வந்து சேர்ந்ததும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடவுமில்லை, கொண்டையைத் தொடவுமில்லை.

கிளிக்.

திரையில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் தெரியும் அளவுக்குக் கிட்ட. கிழக்கு வெயில் முகத்தின் ஒரு பாதியில். அம்மாவுக்குப் பின்னால் பலகை இல்லை. வானம் முழுக்க இருந்தது. பக்கத்தில் மூக்கு வரைக்கும் யதுர்ஷிகா.

பாடசாலை விட்டதும் ரீச்சரிடம் கேட்டுக்கொண்டு, அண்ணாவும் அவளும் கமராவோடு சைக்கிளில் பரந்தன் சந்திக்குப் போய் இரண்டு பிரதிகள் எடுத்தார்கள். அண்ணா தன்னுடையதை நெடுநேரம் பார்த்தார்.

“இது எங்கட அம்மா,” என்றார்.

“நான் எடுக்கேல்ல அண்ணா. அம்மாதான் எடுத்தவா.”

திரும்பி வந்து, மற்றப் பிரதியை மன்றத்தின் கண்காட்சிக்காகக் கமராவோடு ரீச்சரிடம் கொடுத்தாள். கீழே அம்மாவின் பெயரையும் போட்டு இப்படி எழுதியிருந்தாள்: ‘எடுத்தவர்: பிரேமிளா. தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்தவர்: யதுர்ஷிகா.’

சனிக்கிழமை காலை எல்லோரும் பஸ்சுக்கு நின்றார்கள். அப்பா பெட்டியைப் பிடித்திருந்தார். வீரகத்தி மாமா வெள்ளைச் சேட்டோடு வந்திருந்தார். அண்ணாவின் சேட்டுப் பையில் அந்தப் படம் இருந்தது.

“பஸ் வர முதல் இன்னொண்டு எடுப்பம்,” என்று அண்ணா போனை உயர்த்தினார்.

அம்மா வழமை போல நேராக நின்றார். “எதைப் பிடிக்கிறது?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, யதுர்ஷிகாவின் பின்னலைப் பிடித்து இழுத்தார்.

“ஆ! அம்மா!”

“ஒருத்தரும் அசையாதேங்கோ!” என்று மாமா அதட்டினார்.

அதற்குள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். படத்தில் அம்மா, அப்பா, மாமா, பின்னல் எல்லாமே அசைந்திருந்தன.

மட்டக்களப்பு போய்ச் சேரும் வரைக்கும் அண்ணா அதை அழிக்கவில்லை. பிறகும் அழிக்கவில்லை.